அந்த ரெண்டு பாயிண்ட்

நாகர்கோவில்ல படிச்சிட்டு இருந்த காலத்துல ஒரு பாஸ்கட்பால் டோர்னமெண்ட். கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னை ஸ்கோர்ஷீட் எழுத உக்கார வச்சிட்டாங்க. (வேற தகுதி ஒண்ணும் கிடையாது!) செகண்ட் ஹாஃப்ல ஃபவுல் வாங்கினது 14-ஆம் நம்பர். ஃப்ரீ த்ரோ லைன்ல வந்து நின்னது 7-ஆம் நம்பர். ரெண்டும் உள்ள. எனக்கு உறைச்சுது, ஆனா வாயத் திறக்கல. நாமதான் தப்பா பாத்துட்டோமோன்னு ஒரு தயக்கம். பந்து வெளிய போச்சு, த்ரோ-இன் போட்டாங்க, ஆட்டம் ஓடுச்சு. அதுக்கப்புறம் ரெஃப்ரிகிட்ட சொன்னேன்.

"தம்பி, அப்பமே சொல்லியிருக்கணும். இப்ப பந்து லைவ் ஆயிட்டு"ன்னுட்டார்.

அவர் சொன்னது சரிதான்னு விதிப் புத்தகத்தைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

1891ல் நெய்ஸ்மித் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உண்டாக்கினபோது ஃப்ரீ த்ரோவே கிடையாது. ஒரு அணி தொடர்ந்து மூணு ஃபவுல் செய்தா எதிரணிக்கு ஒரு கோல், அவ்வளவுதான். 1894ல் ஃப்ரீ த்ரோ வந்தது. அப்பவும் யார் வேணும்னாலும் போடலாம். அதுக்குன்னே ஒரு ஸ்பெஷலிஸ்ட்டை வச்சிருந்தாங்க. அடி வாங்கினவனே போடணும்ங்கிற விதி வந்தது 1924 வாக்கில்தான். தப்பான ஆள் போடுறது ஒரு 'தப்பு' ஆனதே அதுக்கப்புறம்தான்.

இன்னைக்கு ஃபிபா விதிப்படி ரெஃப்ரி பின்னால போய் திருத்தக்கூடிய தப்புகள் கொஞ்சம்தான். கொடுக்க வேண்டிய ஃப்ரீ த்ரோவைக் கொடுக்காதது, கொடுக்கக் கூடாததைக் கொடுத்தது, தப்பான ஆளைப் போடவிட்டது, பாயிண்டைத் தப்பா சேர்த்தது அல்லது ரத்து செய்தது. அதுக்கும் கெடு உண்டு. தப்புக்கு அப்புறம் கடிகாரம் ஓட ஆரம்பிச்சு, முதல் தடவை பந்து டெட் ஆகி, மறுபடி லைவ் ஆகுறதுக்குள்ள கண்டுபிடிச்சாகணும். ரெஃப்ரிதான்னு இல்ல, டேபிள்ல இருக்கிற ஆளு கண்டுபிடிச்சாலும் போதும். (அங்கதான் நான் உக்காந்திருந்தேன்...) கண்டுபிடிச்சிருந்தா அந்த ரெண்டு பாயிண்டும் ரத்து. ஆனா நடுவுல விழுந்த மத்த பாயிண்டும், ஓடின நேரமும் அப்படியே நிக்கும். கறாரான விதி, ஆனா நியாயம் இருக்கு. இல்லேன்னா எந்த மேட்சும் முடியாது.

கெடுவும் வரம்பும் இல்லாம திருத்தப் போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1972 ம்யூனிக் ஒலிம்பிக் ஃபைனல். சோவியத் 49, அமெரிக்கா 48. மூணு செகண்ட் பாக்கி. டக் காலின்ஸுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ள. ரெண்டாவதைப் போடும்போதே டேபிள்ல இருந்து ஹாரன். மனுசன் அசரல, அதுவும் உள்ள. 50-49. சோவியத் தரப்பு, "நாங்க டைம்-அவுட் கேட்டோம், தரல"ன்னு சண்டை. ஒரு செகண்ட் மிச்சமிருக்க ரெஃப்ரி ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தினார். அப்ப ஃபிபா செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கீழ இறங்கி வந்து, மூணு செகண்டையும் திருப்பிப் போடச் சொன்னார். நடக்கிற ஆட்டத்துல தலையிட அவருக்கு அதிகாரமே இல்ல. மறுபடி ஆடினாங்க, கடிகாரத்தைச் சரியா வைக்கலன்னு அதுவும் செல்லாது. மூணாவது தடவை எதெஷ்கோ கோர்ட்டோட அந்தக் கோடியில இருந்து எறிஞ்ச பந்தை பெலோவ் பிடிச்சுப் போட்டார். 51-50.

அப்பீலை 3-2ன்னு தள்ளிட்டாங்க. அமெரிக்க ஆட்டக்காரங்க வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்ல. கேப்டன் கென்னி டேவிஸ், தனக்கப்புறம் மனைவி மக்களும் வாங்கக் கூடாதுன்னு உயில்லயே எழுதி வச்சார்.

எங்க மேட்ச்ல 7-ஆம் நம்பரோட அணி ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சுது. கூட்டல் தப்பா இருந்தா ரெஃப்ரி கையெழுத்துப் போடுற வரைக்கும் திருத்தலாம். என் கூட்டல்ல தப்பே இல்ல. தோத்த அணியோட கேப்டன் வந்து ஷீட்டைப் பாத்துட்டு, "என்ன மக்கா, நீ பாக்கலியா?"ன்னு கேட்டான். பாத்தேன்னு அவன்கிட்ட சொல்லல.