மாலை கட்டும் கையும் மானம் வாங்கும் வாயும்

பட்டமளிப்பு விழாவுக்கு வரும் குடும்பத்துக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தருவது ஓரிரு நுழைவுச்சீட்டும் பின்வரிசை நாற்காலியும்தான். பெயரைக் கூப்பிடும் அந்த அரை நிமிடத்தில் கைதட்டலாம், படம் எடுக்கலாம். படித்தவரோடு சேர்ந்து கண்விழித்த கணவனுக்கோ மனைவிக்கோ காதலருக்கோ அங்கே வேறு வேலை கிடையாது. அப்படியொரு வேலையைக் கொடுக்கும் ஊர்கள் ஐரோப்பாவில் சில உண்டு. அவற்றில் இரண்டை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம்: வடக்கே பின்லாந்தின் ஹெல்சிங்கி, தெற்கே இத்தாலியின் பதுவை. நம் ஊர்ச் சிற்றாலயங்களில் அந்தோணியாரின் பெயரோடு சேர்ந்தே ஒலிக்கிறதே, அதே பதுவைதான்.

இரண்டு ஊரிலும் பட்டதாரியின் தலையில் ஏறுவது லாரல் இலை மாலை. பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலையும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் அந்த மாலையை யார் கட்டுகிறார், யார் சூட்டுகிறார், சூட்டியபின் யார் என்ன பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டே போனால் இரண்டு விழாக்களும் எதிரெதிர்த் திசையில் நடப்பது தெரியும்.

ஹெல்சிங்கியின் விழாவுக்குப் ப்ரொமோத்சியோ என்று பெயர். அந்தப் பல்கலைக்கழகம் 1640இல் துர்க்கு நகரில் தொடங்கியது. முதல் ப்ரொமோத்சியோ 1643இல் நடந்தது. 1827இல் துர்க்குவைப் பெருந்தீ அழித்தபின், மறு ஆண்டு பல்கலைக்கழகம் ஹெல்சிங்கிக்கு இடம் மாறியது, வழக்கமும் கூடவே வந்தது. தத்துவப் பிரிவு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வசந்தம் முடியும் தறுவாயில் இதை நடத்துகிறது. பட்டம் சட்டப்படி எப்போதோ கையில் வந்திருக்கும். விழாவுக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம். ஒரு நாளில் முடிவதும் இல்லை. மாலை கட்டுதல், வாள் தீட்டுதல், பட்டம் சூட்டுதல், தேவாலயத்துக்கு ஊர்வலம், விருந்து, நடனம் என்று நாள் கணக்கில் நீளும்.

பதுவையில் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். 1222இல் தோன்றிய பல்கலைக்கழகம் அது. கலிலியோ 1592 முதல் 1610 வரை அங்கே பாடம் நடத்தினார். ஆண்டில் பல முறை பட்டத்தேர்வு நடக்கும். மாணவர் ஆய்வேட்டைப் பேராசிரியர் குழுவின் முன் விளக்குவார், குழு 110க்கு இத்தனை என்று மதிப்பெண் சொல்லிப் பட்டத்தை அறிவிக்கும், கைகுலுக்கும். பெற்றோரும் பாட்டியும் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பங்கு அதோடு சரி. பட்டதாரி கதவைத் தாண்டி வெளியே வந்ததும் விழா தெருவின் கைக்குப் போய்விடுகிறது.

முதல் வேறுபாடு இங்கேதான். ஹெல்சிங்கியில் பல்கலைக்கழகம் குடும்பத்தைத் தன் சடங்குக்குள் இழுத்துக்கொள்கிறது. பதுவையில் நண்பர் கூட்டம் பட்டதாரியைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது.

மாலையிலிருந்து தொடங்குவோம். ஹெல்சிங்கியில் முதுகலைப் பட்டதாரிகளுக்குத்தான் மாலை. பட்டம் சூட்டும் நாளுக்கு முன் மாலை கட்டுவதற்கென்றே ஒரு கூடுகை உண்டு. பட்டதாரியோடு அவருடைய துணையோ உறவினரோ நண்பரோ உட்கார்ந்து இலைகளைக் கோத்துக் கட்டுவார். இவருக்கு மாலைகட்டுநர் என்று முறையான பட்டப்பெயரே இருக்கிறது. விழா முழுமைக்கும் பொதுவாக ஒரு மாலைகட்டுநரும் உண்டு. பேராசிரியர் ஒருவரின் மகளை அதற்கு அழைப்பது மரபு. முனைவர்களுக்கு மாலைக்குப் பதிலாக உயரமான தொப்பியும் வாளும். பட்டம் சூட்டும் நாளுக்கு முந்தைய நாள் அந்த வாளைச் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். கல்லை நனைக்கத் தண்ணீர் கிடையாது, நுரைக்கும் ஒயின்தான். ஊற்றிக் கொடுக்க அருகில் துணை நிற்பார். மறுநாள் மண்டபத்தில் பட்டம் சூட்டும் பேராசிரியர் கையில் எடுப்பது அந்த மாலையைத்தான். வீட்டாரின் கை கட்டியதை நிறுவனத்தின் கை சூட்டுகிறது.

பதுவையில் மாலை பூக்கடையிலிருந்து வருகிறது. துறைக்கேற்ற நிறத்தில் ரிப்பன் கட்டியிருக்கும். கதவருகே காத்திருக்கும் அம்மாவோ காதலியோ நண்பனோ, யார் முந்துகிறாரோ அவர் அதைத் தலையில் வைப்பார். பேராசிரியருக்கு அதில் சம்பந்தமில்லை. அடுத்தது மானம் வாங்கும் படலம். நண்பர்கள் கொண்டுவந்த கோமாளி உடையைப் பட்டதாரிக்கு மாட்டிவிட்டு, பாபிரோ என்கிற பெரிய சுவரொட்டியை அவர் முன் விரிப்பார்கள். நடுவில் அவருடைய கேலிச்சித்திரம், சுற்றிலும் எதுகை பொருந்திய நீண்ட செய்யுள். பிறந்தது முதல் தேர்வில் கோட்டை விட்டது வரை, முதல் காதலிலிருந்து குடித்துவிட்டு விழுந்த இரவு வரை எல்லாம் அதில் இருக்கும், பச்சையாகவே இருக்கும். பட்டதாரியே அதைத் தெருவில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். நாக்கு தடுமாறினால் ஒரு வாய் மது. இடையிடையே கூட்டம் புது ‘தொத்தோரே’வை வசைபாடும் ஒரு பாட்டை எடுத்துவிடும். மூன்றாண்டுப் பட்டம் பெற்றவரையே தொத்தோரே, அதாவது டாக்டர், என்று அழைக்கும் நாடு அது. அந்தப் பெருமை தலைக்கேறுவதற்குள் இறக்கிவிடுகிறார்கள். முன்னொரு காலத்தில் இத்தாலியில் புதுப் பட்டதாரியைப் புகழ்ந்து செய்யுள் அச்சிட்டு வெளியிடுவார்கள். அந்தப் புகழ்மாலையைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது இன்றைய பாபிரோ.

இனி பேச்சு. ஹெல்சிங்கியில் பேச்சுக்கு வரிசை உண்டு. பட்டம் சூட்டும் பேராசிரியர் பட்டதாரிகளில் முதல் இடம் பெற்றவரிடம் அறிவுலகம் தொடர்பான கேள்வி ஒன்றைக் கேட்பார். அவர் எல்லார் சார்பிலும் அதற்கு உரையாகவே விடை சொல்வார். ஐம்பது ஆண்டுக்கு முன் மாலை சூடியவர்கள் மூத்த முதுகலைஞர்களாகத் திரும்பி வந்து மீண்டும் மாலை சூடுவார்கள். எழுபதைத் தாண்டியவரும் இருபதுகளில் இருப்பவரும் ஒரே மண்டபத்தில், ஒரே இலையோடு. கடைசி இரவின் நடனம் முடிந்தபின் ஊர்வலமாகப் போய், உதிக்கும் சூரியனுக்கும் ஓர் உரை நிகழ்த்துவார்கள். அந்த அட்சரேகையில் அந்தப் பருவத்தில் விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும் என்பதால் காத்திருப்பது சிரமமில்லை. இவ்வளவு உரைகளிலும் தனி ஒருவரின் குறும்பும் கோணலும் வருவது அரிது. அங்கே ஒருவர் தலைமுறைத் தொடரில் ஒரு கண்ணி.

பதுவையின் பாபிரோவுக்குத் தலைமுறையும் அறிவுலகமும் தேவையில்லை. ஆனால் அதை எழுத அந்த ஆளை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் சிறுவயதுக் கதை கேட்டு, விடுதித் தோழரிடம் விவரம் கறந்து, முன்கூட்டியே உட்கார்ந்து எதுகை தேடி எழுதுகிறார்கள். வசையாகத் தோன்றினாலும் அது ஒரு வாழ்க்கை வரலாறு. பட்டச் சான்றிதழில் மதிப்பெண் இருக்கும். அந்த மதிப்பெண்ணுக்கு ஆள் பட்ட பாடு பாபிரோவில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் துணையின் நிலையை ஒப்பிட வேண்டும். ஹெல்சிங்கியில் அவர் சடங்கின் பங்காளி: மாலை கட்டுகிறார், ஒயின் ஊற்றுகிறார், நடனத்தில் ஜோடி சேர்கிறார். பதுவையில் அவர் கதையின் பாத்திரம். செய்யுளில் அவருக்கும் நாலு வரி விழும். எழுதும் சதியில் அவரே கூட்டாளியாக இருந்திருக்கவும் கூடும். வேற்று நாட்டிலிருந்து வந்த துணைக்கு ஹெல்சிங்கி எளிது, ஏனென்றால் இலை கட்டுவதற்கு மொழி வேண்டாம். பதுவையின் உள்ளூர்ப் பேச்சில் இழையும் சிலேடைக்கு எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின்தான் அவருக்குப் பொருள் விளங்கும்.

செலவையும் அனுமதியையும் வைத்துப் பார்த்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. ஹெல்சிங்கிக்கு ஆணுக்கு வால்கோட்டு, முதுகலை பெறும் பெண்ணுக்கு வெள்ளை நீள உடை, முனைவர் பெண்ணுக்குக் கறுப்பு. விருந்துக்கும் நடனத்துக்கும் கட்டணம். பட்டதாரியோடு வரும் துணைக்கு இடமுண்டு, ஊர்ப்பட்ட நண்பர்களுக்கு இல்லை. பதுவையில் தெருவுக்கு ஏது சீட்டு? அத்தை வரலாம், பக்கத்து வீட்டுக்காரர் வரலாம், வழிப்போக்கர்கூட நின்று சிரித்துவிட்டுப் போகலாம். பாட்டிக்கு எதிரிலேயே பச்சைச் செய்யுள் நடக்கும். வீட்டார் பங்குக்குச் சிற்றுண்டியும், பட்டமளிப்புக்கென்றே சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் மிட்டாய்ப் பொட்டலமும் உண்டு. மாலையில் கண்ணாடிக் கோப்பைகளில் ஆரஞ்சு நிற ஸ்பிரிட்ஸ். அதில் சேர்க்கும் அபெரோல் 1919இல் அந்த ஊர் வணிகக் கண்காட்சியில்தான் முதன்முதலில் அறிமுகமானது.

பெண்கள் பக்கம் திரும்பினால் இரண்டு ஊருக்கும் பழைய கணக்கு உண்டு. பதுவையில் 1678 ஜூன் 25 அன்று எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா தத்துவத்தில் முனைவரானார். உலகில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. கூட்டம் தாங்காமல் விழாவைப் பேராலயத்துக்கு மாற்றினார்கள். மோதிரம், புத்தகம், தோள்போர்வையோடு லாரல் மாலையும் சூட்டினார்கள். ஆனால் அந்தக் கதவு உடனே மூடிக்கொண்டது. இத்தாலியில் அடுத்துப் பெயர் பெற்ற பெண் முனைவர் லாரா பஸ்ஸி, 1732இல், அதுவும் போலோஞாவில். ஹெல்சிங்கியில் பெண்கள் நெடுங்காலம் மாலை கட்டினார்கள், சூடிக்கொண்டவர்கள் ஆண்கள். 1882இல் எம்மா இரேனே ஆஸ்ட்ரோம் பின்லாந்தின் முதல் பெண் பட்டதாரியானபோதுதான் கட்டும் கை சூடும் தலையாகவும் ஆனது. ஆகவே, துணைக்கு வேலை தரும் ஹெல்சிங்கி மரபை மெச்சும்போது, அந்த வேலை யார் தலையில் வெகுகாலம் நிலைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று ஆணும் கட்டுகிறார், பெண்ணும் சூடுகிறார் என்பதால்தான் அந்தச் சடங்கு இப்போது கூச்சமில்லாமல் பார்க்கத் தக்கதாக இருக்கிறது.

இரண்டில் எது மேல்? பட்டம் வாங்கியவரின் பக்கமிருந்து பார்த்தால் பதுவைக்கே என் வாக்கு. ஆய்வேட்டுக்குள் தொலைந்துபோன ஆளை ஒரு மணி நேரத்தில் பழைய ஆளாக மீட்டுத் தருவது அந்தக் கேலிதான். கூட இருந்தவரின் பக்கமிருந்து பார்த்தால் ஹெல்சிங்கிதான். அவர் சமைத்ததும் சம்பாதித்ததும் குழந்தையைத் தூங்கவைத்ததும் நன்றியுரையின் கடைசி வரியில் ஒதுங்கிவிடாமல், விழாவின் முதல் வேலையாக அங்கே வந்து நிற்கின்றன. இரண்டையும் அப்படியே வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது; வாளும் வால்கோட்டும் தேவையுமில்லை. ஆனால் பட்டமளிப்பு நடத்தும் எந்த நிறுவனமும் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்ளலாம்: விழாவுக்கு முன் வீட்டாரின் கைக்கு ஒரு வேலை, விழா முடிந்தபின் நண்பர்களின் வாய்க்கு ஒரு மணி நேர விடுதலை. இரண்டுக்கும் கூடுதல் நாற்காலிகூட வேண்டியதில்லை.