ஒளி நச்சுத்தன்மை

ஒளி நச்சுத்தன்மை என்பது, உடனொளிர் சாயம் ஏற்றப்பட்ட உயிருள்ள உயிரணுக்கள் நுண்ணோக்கியின் ஒளியால் பாதிப்படைவதைக் குறிக்கும். இருளில் பெருந்தீங்கு விளைவிக்காத ஒரு சாயம் ஒளி பட்டவுடன் நச்சாக மாறக்கூடும். உயிரணு இறவாமலேயே அதன் இயல்பு மாறிவிடலாம் என்பதால், ஆய்வு முடிவுகள் பிழையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

வரலாறு

செருமனியின் மியூனிக் நகரில் ஆய்வு செய்த ஆஸ்கார் ராப், அக்ரிடின் சாயக் கரைசலில் இருந்த பரமேசியங்கள் இருளில் பிழைத்திருப்பதையும் வெளிச்சத்தில் விரைவில் இறப்பதையும் கண்டறிந்து 1900 இல் வெளியிட்டார். புற்றுநோய்க்கான ஒளியியக்க மருத்துவம் இவ்விளைவையே பயன்படுத்துகிறது.

செயல்முறை

ஒளியை உறிஞ்சும் சாய மூலக்கூறு கிளர்வுற்று, சில நானோநொடிகளில் ஒளியை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. சில மூலக்கூறுகள் மட்டும் நீண்ட ஆயுளுடைய மும்மை நிலைக்குச் செல்கின்றன. இவை அருகிலுள்ள ஆக்சிசனுக்கு ஆற்றலை அளிப்பதால் ஒற்றைநிலை ஆக்சிசன் உருவாகிறது. இதுவும், இதையொத்த பிற வினைத்திறன் மிக்க ஆக்சிசன் வகைகளும் புரதங்கள், கொழுப்புகள், டி.என்.ஏ ஆகியவற்றைச் சிதைக்கின்றன.

சாயம் இல்லாத உயிரணுக்களும் முற்றிலும் தப்புவதில்லை. அவற்றிலுள்ள பிளேவின், போர்பிரின் போன்றவை நீல ஒளியை உறிஞ்சி இதே வினையைத் தூண்டுகின்றன.

சாயங்களுக்கு இடையிலான வேறுபாடு

டி.என்.ஏ-வுடன் பிணையும் ஹெக்ஸ்ட் 33342 சாயத்தைக் கிளர்த்தப் புற ஊதா ஒளி தேவை என்பதால் டி.என்.ஏ சேதமடையும் வாய்ப்பு அதிகம். பச்சை உடனொளிர் புரதத்தின் ஒளிரும் பகுதி பீப்பாய் வடிவப் புரதக் கூட்டினுள் அடைபட்டிருப்பதால் தீங்கு பொதுவாகக் குறைவு. மாறாக, 2006 இல் அறிவிக்கப்பட்ட கில்லர்ரெட் புரதம், ஒளியால் உயிரணுக்களைக் கொல்வதற்கென்றே உருவாக்கப்பட்டது.

அறிகுறிகள்

உயிரணுப் பிரிவு தாமதமாதல், இழைமணிகள் துண்டாதல், படலத்தில் கொப்புளங்கள் தோன்றுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். சாயம் ஒளிரும் திறனை இழக்கும் ஒளிவெளிறல் வேறு, ஒளி நச்சுத்தன்மை வேறு. படம் மங்காமல் இருப்பது உயிரணு நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

தவிர்க்கும் வழிகள்

* ஒளியின் செறிவையும் படமெடுக்கும் எண்ணிக்கையையும் குறைத்தல்
* இயன்றவரை நீண்ட அலைநீள ஒளியில் செயல்படும் சாயங்களைத் தேர்தல்
* சாயத்தின் செறிவைக் குறைத்தல்
* ஒளித்தாள் நுண்ணோக்கியால், நோக்கும் தளத்தை மட்டும் ஒளியூட்டுதல்

எந்த முறையைக் கையாண்டாலும், சாயமேற்றி ஒளி காட்டாதவை, சாயமேற்றாமல் ஒளி காட்டியவை, இரண்டும் இல்லாதவை ஆகிய உயிரணுக்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகும். அவ்வாறு ஒப்பிடாவிடில், காணப்படும் மாற்றம் உயிரணுவின் இயல்பான செயலா, ஒளியின் விளைவா என்பதைப் பிரித்தறிய இயலாது.