ஏழு வயதுப் பாவசங்கீர்த்தனம்

ஏழு வயதுக் குழந்தை அப்படி என்ன பாவம் செய்திருக்கப் போகிறது? பக்கத்துப் பையனின் பென்சிலை எடுத்திருக்கலாம். தம்பியைக் கிள்ளிவிட்டு, "அவனாகத்தான் அழுகிறான்" என்று சொல்லியிருக்கலாம். டப்பாவிலிருந்த வெல்லத்தை எறும்பின் கணக்கில் எழுதியிருக்கலாம். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குழந்தையை அழைத்து, முழங்காலில் நிற்க வைத்து, குருவின் காதோடு அதைச் சொல்லச் சொல்கிறது. சொன்ன பிறகுதான் 'புது நன்மை' என்னும் முதல் நற்கருணை.

இந்த வழக்கம் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று தேடப் போனால், அது நம்மைப் பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. தமிழ் எழுத்து முதன்முதல் அச்சேறிய கதையும் அங்கேதான் குறுக்கிடுகிறது.

மாசி வாக்கில் ஒரு புதன்கிழமை, தாம்பரத்திலிருந்து கிழக்கே மேடவாக்கம், பெரும்பாக்கம் வரை, பள்ளிப் பிள்ளைகள் சிலர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீடு திரும்புவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். முந்தின ஆண்டுக் குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல் அது. பழைய கத்தோலிக்கப் பாட்டிமார் அந்த நாளைக் கூசாமல் 'விபூதித் திருநாள்' என்பார்கள். அன்று தொடங்குவது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று ஒருசந்தி இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனத்துக்கும் தவக்காலத்துக்கும் முடிச்சுப் போட்டது 1215ஆம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய நாலாம் லாத்தரன் சங்கம். புத்தி தெளியும் வயது வந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவத்தைச் சொல்ல வேண்டும், பாஸ்கு காலத்திலாவது நன்மை வாங்க வேண்டும் என்று அது விதித்தது. புத்தி தெளியும் வயது எது? அதைச் சங்கம் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகப் பிறகு 700 ஆண்டுகள் வாதம் நடந்தது.

இனிக் கடற்கரைக்குப் போவோம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெற்றார்களே தவிர, அவர்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. 1542இல் வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்த சிலரை உட்கார வைத்து, பெரும்பாடு பட்டு ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, அதை நெட்டுருப் போட்டார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டே போனார். பிள்ளைகள் கூடினார்கள். தினம் இரண்டு வேளை பாடம். படித்ததைத் தகப்பனுக்கும் தாய்க்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அவர் இட்ட கட்டளை. தூங்கவும் சாப்பிடவும் விடாமல் பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்துகொண்டார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வீட்டில் பெரியவர் சொல்லச் சிறியவர் கேட்பதுதானே நம் வழக்கம்? அதைத் தலைகீழாக்கிவிட்டார் மனிதர்.

அவருடைய தமிழ் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. 1544இல் தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதுகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்ற சொல் வருகிறது. அது 'விரும்புகிறேன்' என்று பொருள்படும். அதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடு என்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் கடற்கரைப் பிள்ளைகள், "சர்வேசுரனை நம்புகிறேன்" என்பதற்குப் பதிலாக, அவர் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்! ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'வேணும்' புரிகிற அளவுக்கு 'விசுவாசம்' புரியுமா? எனக்கென்னவோ, பிழையான பாடமே பிள்ளைகளின் மனசுக்குக் கிட்டத்தில் இருந்ததாகத் தோன்றுகிறது. வேதசாஸ்திரிகள் இதை ஒப்பமாட்டார்கள்.

தாம் இல்லாத ஊர்களில் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துச் சம்பளம் கொடுத்தார். பணம்? போர்த்துகல் ராணி காதரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏற இந்தப் பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை கிடையாது என்ற கருத்தில் ராணிக்கு எழுதினாராம். 1545இல் அவர் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கினார். பிறகு மலாக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அவர் விட்ட இடத்தில் தொட்டவர் அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. மொத்தம் 16 பக்கம். இந்திய எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', குரு கேட்கச் சீடன் விடை சொல்லும் முறையில். அதற்கு அடுத்தது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல். ஆக, தமிழ் அச்செழுத்தின் முதல் மூன்று வேலைகளும் இன்றைக்குப் புது நன்மை வகுப்பில் நடக்கிற அதே வேலைதான். திருக்குறளும் தொல்காப்பியமும் அச்சுக்கு வர இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தன.

கேள்வி-விடை நெட்டுருவைப் பரிகசிப்பவர்கள் உண்டு. அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை போல் ஒப்பிப்பதில் என்ன பக்தி என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆத்திசூடியை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்? மணலில் விரல் தேயத் தேய, முதலில் ஓசை. பொருள் பிற்பாடு, வாழ்க்கை அடித்துச் சொல்லும்போது. 'சின்னக்குறிப்பிடம்' என்ற சிறு ஞானோபதேசப் புத்தகத்தை ஒப்பித்து வளர்ந்த தலைமுறைக்கும் அதே அநுபவந்தான்.

பாஷை விஷயத்தில் பெரிய மாறுதல் செய்தவர் தத்துவ போதக சுவாமி என்ற ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்தார். அதற்கு முன் போர்த்துகீசியச் சொல்லைத் திரித்துப் பூசையை 'மீசை' என்று சொல்லி வந்தார்களாம்! அவர் அதைப் பூசையாக்கினார் என்பார்கள். ஞானோபதேசத்தைத் தமிழில் விரிவாக எழுதினார். கடைசியில் கண்பார்வை மங்கி, 1656இல் மயிலாப்பூரில் கண்ணை மூடினார்.

இவ்வளவு நடந்தும் பிள்ளைகளுக்கு நற்கருணை கிடைத்ததா என்றால், இல்லை. பத்து, பன்னிரண்டு, சில தேசங்களில் பதினாலு வயது வரை காக்க வைத்தார்கள். 1910 ஆகஸ்டு 8ஆம் தேதி போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர் ஓர் ஆணை பிறப்பித்தார். புத்தி தெளியும் வயது ஏறக்குறைய ஏழு. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேற்றுமை தெரிந்தால் போதும் என்றார். அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நோயாளிக் குழந்தை ஒன்று, நெல்லி என்று பெயர், நாலே வயதில் நன்மை கேட்டு வாங்கி, 1908இல் இறந்துபோயிற்று. அந்தச் செய்திதான் அவர் மனசை இளக்கியது என்று சொல்வதுண்டு. நம் பங்குகளில் இப்போது பெரும்பாலும் மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகள்தாம் இதற்கு வருகிறார்கள்.

சலுகை வந்தது, கஷ்டமும் கூடவே வந்தது. நள்ளிரவு தொடங்கி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாமல்தான் நன்மை வாங்க வேண்டும் என்பது அக்காலச் சட்டம். வெள்ளை உடுப்பு, தலையில் முக்காட்டுத் துணி, கையில் மெழுகுதிரி எல்லாம் தயாராக இருக்கும். பல் துலக்கும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிவிட்டால் போச்சு, அன்றைக்கு இல்லை! தண்ணீர் குற்றமில்லை என்று 1953இல் தளர்த்தினார்கள். 1957இல் மூன்று மணி நேரமாயிற்று. 1964இல் ஒரு மணி நேரம். தவக்கால ஒருசந்தி குழந்தைகளுக்கு என்றும் கிடையாது. ஆனால் மாமிசம் விலக்குவது 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு வயதிலேயே தொடங்கியது. இப்போது பதினாலு வயதில்.

பெரும்பாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வாரியத்தின் எட்டு மாடி வீடுகளில் வாழ்கின்றன. ஒரே கூடத்தில் ஐந்தாறு பேர் படுத்து எழுகிற வீட்டில் குழந்தைக்கு இரகசியம் என்று ஒன்று இருக்க முடியுமா? தான் சொல்வதை ஒரு பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டு, செத்தாலும் வெளியே சொல்லாதிருக்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்பது அந்தக் குழந்தைக்கு முற்றிலும் புது அநுபவம். குரு அதை வெளியிட்டால் சபையிலிருந்தே விலக்கப்படுவார். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சடங்கில் வியப்பாகப் படுவது இதுதான்.

அதே இரகசியம் பயத்தையும் தருகிறது. பல தேசங்களில் சில குருக்கள் குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகள் அம்பலமான பிறகு, கதவு மூடிய இடத்தில் பிள்ளையை விடத் தாய்மார் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? 2019இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், இத்தகைய புகார்களை மேலிடத்துக்குத் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயமாக்கினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதற்கு மட்டும் விதிவிலக்கு. இது சரியா என்ற வாதம் ஓயவில்லை. கோவிலுக்குள்ளேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், குருவும் பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து பேசட்டும் என்பது என் கட்சி.

இந்தப் பள்ளிகளில் படிக்கிறவர்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டுமா? பல பள்ளிகளில் மற்றவர்களே அதிகம். அரசாங்க அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஒரு வகுப்பு மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில், மற்றப் பிள்ளைகள் நன்னெறிப் பாடத்துக்கு உட்காருகிறார்கள். வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையில் பதினாலு ஸ்தலங்களையும் முழங்காலிட்டு எழுந்து வருகிற தோழனிடம், "கால் வலிக்குதாடா?" என்று கேட்பதோடு அவர்கள் மத ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பரங்கிமலை. அதன் படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி. 1726இல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. தவக்காலத்தில் குடும்பம் குடும்பமாக அந்தப் படிகளில் ஜெபித்துக்கொண்டு ஏறுகிறார்கள். பேத்தி பள்ளியில் படித்தது 'ஒப்புரவு', 'திருப்பலி', 'அருட்சாதனம்'. பாட்டிக்குத் தெரிந்தது 'பாவசங்கீர்த்தனம்', 'பூசை', 'தேவதிரவிய அனுமானம்'. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இலத்தீன் பூசை தமிழுக்கு வந்ததோடு, பழைய மணிப்பிரவாளமும் ஒவ்வொன்றாகக் கழன்று போயிற்று. பாட்டி ஜெபத்தைத் தொடங்குகிறாள்; பேத்தி நிறுத்தி, "அப்படி இல்லை ஆயா, சிஸ்டர் வேற மாதிரி சொன்னாங்க" என்கிறாள். பாட்டி ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, நீயே சொல்லு" என்று காதைக் கொடுக்கிறாள்.