மணல் வளர்த்த பழம், மருந்து கெடுத்த பெயர்



நம்ம ஊர் களாக்காயைப் பார்த்திருப்பீங்க. ஏறக்குறைய அந்த அளவில், செக்கச்செவேலென்று, வாயில் போட்டால் புளிப்பும் துவர்ப்புமாக ஒரு பழம் வட அமெரிக்காவில் விளைகிறது. பெயர் கிரான்பெரி. அமிலத்தன்மையுள்ள மண்ணும் கடுங்குளிரும் கேட்கிற பயிர். நம்ம நிலத்துக்கு ஒத்துவராது. 'பின்னே எதுக்கய்யா அந்தப் பேச்சு?' என்று கேட்பீங்க. அதை வளர்த்தவங்க கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கு. அதுக்காகத்தான்.

அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் சதுப்பு நிலத்தில் தானாகப் படர்ந்த கொடியிலிருந்து இந்தப் பழத்தைப் பறித்தார்கள். உலர்த்திய மான் இறைச்சி, கொழுப்பு இவற்றோடு சேர்த்து இடித்து, குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அதைப் பயிராக்கிய பெருமை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரைக்கு உண்டு. அங்கே டென்னிஸ் என்ற ஊரில் ஹென்றி ஹால் என்பவர் இருந்தார். 1816 வாக்கில் அவர் ஒன்றைக் கவனித்தார். கடற்காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் கொடிமேல் படிந்த இடத்தில், கொடி சாகவில்லை. முன்னைவிடச் செழித்துக் காய்த்தது! அதைப் பார்த்து அவரே மணல் போட ஆரம்பித்தார். மணல் மூடிய தண்டில் புது வேர் பிடிக்கும், புதுக் கிளை விடும், களையும் அமுங்கும். இன்றைக்கும் சில வருஷத்துக்கு ஒருமுறை மணல் போடுகிறார்கள். குளிர்காலத்தில் வயலில் தேக்கிய தண்ணீர் உறைந்ததும் பனிக்கட்டிமேல் மணலைப் பரப்பிவிடுவார்கள். பனி உருகும்போது மணல் சீராக இறங்கிவிடும். எத்தனை சுலபமான யோசனை பாருங்க!

இது தண்ணீரிலே வளர்கிற பயிர் என்று சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. அறுவடைக்கு ஒன்று, ஒன்றரை அடி தண்ணீர் கட்டுவார்கள். பழத்துக்குள்ளே நாலு காற்றறைகள் இருக்கு. கொடியை அலைத்துவிட்டால் பழம் மிதந்து மேலே வரும். ஒதுக்கி அள்ள வேண்டியதுதான்.

உடம்புக்கு என்ன நல்லது? வைட்டமின் சி உண்டு. சிறுநீர்ப் பாதையில் நோய்க்கிருமி ஒட்டாமல் தடுக்கும் சத்தும் உண்டு. அடிக்கடி சிறுநீர்த்தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடி வருவதைக் குறைக்கிறது என்று 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் வந்த நோயைத் தீர்க்கும் மருந்து இதுவல்ல. அதுக்கு டாக்டரிடம்தான் போகணும்.

இனி, நான் சொல்லவந்த பாடம். நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி, அமெரிக்கர்களுக்கு நவம்பரில் வரும் நன்றித் திருநாளுக்கு கிரான்பெரி. 1959-இல் திருநாள் நவம்பர் 26. அதற்கு 17 நாள் முன்னே, நவம்பர் 9 அன்று, நலத்துறை அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங் ஓர் அறிவிப்புச் செய்தார். சில பழங்களில் அமினோடிரையசோல் என்ற களைக்கொல்லி இருக்கிறது, அது எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது என்றார். அவ்வளவுதான்! கடைகளிலிருந்து சரக்கு இறங்கியது, வாங்க ஆளில்லை. பிறகு சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலான சரக்கு சுத்தம். ஆனால் திருநாள் வியாபாரம் போனது போனதுதான்.

காரணம் என்ன தெரியுமா? அறுவடை முடிந்த பிறகே தெளிக்க வேண்டிய மருந்தைச் சிலர் முன்னதாகவே தெளித்துவிட்டார்கள். தவறு சிலருடையது, நஷ்டம் எல்லாருக்கும்.

ஆகவே, ஐயா, அம்மா, மருந்து டப்பாவில் அறுவடைக்கு எத்தனை நாள் முன்னே தெளிப்பதை நிறுத்தணும் என்று போட்டிருக்கும். அதைப் படிங்க, படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்க. 'சந்தைக்கு இன்னும் நாலு நாள்தானே, ஒரு தெளிப்புத் தெளிச்சா காய் பளபளன்னு இருக்கும்' என்று யாராவது சொன்னால், அந்த 17 நாளை நினைத்துக்கொள்ளுங்க.