ஒரே ஒப்பந்தத்தில் பிறந்த இரண்டு அணைகள்

கிருஷ்ணராஜசாகர் அணைக்கும் மேட்டூர் அணைக்கும் தாய்ப்பத்திரம் ஒன்றுதான். 1924 பிப்ரவரி 18 அன்று மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தம் அது. ஜூன் பிறந்தால் மேட்டூர் நீர்மட்டத்தைக் கேட்டுவிட்டுக் குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசிக்கிற தஞ்சை விவசாயியும், கண்ணம்பாடி என்றும் அழைக்கப்படும் கிருஷ்ணராஜசாகர் நிரம்பியதா என்று விசாரிக்கிற மண்டியா விவசாயியும் அந்த ஒரே பத்திரத்தின் வாரிசுகள். அது உருவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

காவிரி குடகில் பிறக்கிறாள். மேட்டு நிலத்தில் தென்மேற்குப் பருவமழையை வாங்கிக்கொண்டு கீழே வருகிறாள். ஆனால் அவளைப் பாசனத்துக்கு முதலில் பெரிய அளவில் பழக்கியது கீழ்ப்பகுதிதான். கல்லணை தொடங்கி, 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணை வரை, டெல்டாவின் வயல்கள் ஆற்றின் இயல்பான ஓட்டத்தை நம்பியே விரிந்தன. 1876-78 பஞ்சம் மைசூரைச் சூறையாடியது. 1881-இல் அரச குடும்பத்திடம் ஆட்சி திரும்பியதும், ஏரிகளைச் சீர்படுத்தவும் புதிய பாசனம் காணவும் சமஸ்தானம் முனைந்தது. மேலே தேக்கினால் கீழே வயல் காயும் என்று சென்னை அஞ்சியது.

அந்த அச்சத்திலிருந்து 1892 பிப்ரவரி 18 ஒப்பந்தம் வந்தது. அப்போது மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். பட்டியலிட்ட ஆறுகளின் குறுக்கே சென்னையின் முன்சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய அணையோ தேக்கமோ கட்டக்கூடாது. அதே சமயம், தன் நீண்டகால அனுபவ உரிமையைக் காப்பதற்கு அல்லாமல் வேறு காரணம் சொல்லிச் சென்னையும் சம்மதத்தை மறுக்கக்கூடாது. இணக்கம் ஏற்படாவிட்டால் நடுவரிடம் போகலாம். பழைய வயலுக்கு முதல் உரிமை என்ற கொள்கை இப்படி எழுத்தில் ஏறியது.

அது முதல் சோதனைக்கு உள்ளானது கண்ணம்பாடியில். 1902-இல் சிவசமுத்திரத்தில் தொடங்கிய மின் நிலையம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலிந்தது. மண்டியாப் பக்கத்து வறண்ட நிலமும் தண்ணீருக்கு ஏங்கியது. 1909-இல் தலைமைப் பொறியாளரான விஸ்வேஸ்வரய்யா இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடையாகக் கண்ணம்பாடி அணையை முன்வைத்தார். சுமார் 41.5 டிஎம்சி தேக்கும் திட்டம் அது. அதே காலத்தில் மேட்டூரில் அதைவிடப் பெரிய அணைக்குச் சென்னை திட்டமிட்டிருந்தது. ஒரே ஆற்றின் வெள்ளத்தை நம்பி இரண்டு வரைபடங்கள்.

சென்னை 11 டிஎம்சி அளவுக்கே முதலில் இசைந்தது. மைசூரோ முழு உயரத்துக்கும் தாங்கும் அடித்தளத்தைப் போட்டது. தகராறு நடுவரிடம் போனது. நீதிபதி கிரிஃபின் விசாரித்து 1914 மே மாதம் தீர்ப்பளித்தார். டெல்டாவுக்குச் சில பாதுகாப்புகளுடன் மைசூர் தன் அணையை உயர்த்தலாம் என்றது தீர்ப்பு. இந்திய அரசு அதை 1916-இல் ஏற்றது. சென்னை லண்டன்வரை முறையிட்டது. 1919-இல் இந்தியாவுக்கான அமைச்சர் அந்தத் தீர்ப்பை நிற்கவிடவில்லை. வழக்கில் எந்தத் தரப்பும் முழுதாக வெல்லவில்லை.

முடிச்சை அவிழ்த்தது இரு தரப்பும் உட்கார்ந்து போட்ட நீர்க்கணக்கு. முக்கொம்பு மேலணையில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் டெல்டாவின் பழைய பாசனம் பிழைக்கும் என்று வரையறுத்தார்கள். அந்த அளவுக்குரிய நீரைக் கீழே விட்ட பிறகு வரும் உபரியைத்தான் கண்ணம்பாடியில் தேக்க வேண்டும். 1921-இல் இந்த ஒழுங்குவிதிகள் உடன்பாடாகின. அவற்றின் மேல்தான் 1924 ஒப்பந்தம் எழுந்தது. கிருஷ்ணராஜசாகருக்கு 44.827 டிஎம்சி, மேட்டூருக்கு 93.5 டிஎம்சி. மைசூர் தன் அணையின்கீழ் 1,25,000 ஏக்கருக்கும், சென்னை 3,01,000 ஏக்கருக்கும் புதிதாகப் பாசனம் விரிக்கலாம்.

அதே ஆண்டு ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்து டெல்டாவைக் குலைத்தது. தேக்கத்தின் தேவைக்கு அதைவிடச் சான்று வேண்டியிருக்கவில்லை. 1925-இல் மேட்டூர் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்டில் ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். மேலே கிருஷ்ணராஜசாகரும் அதற்குச் சற்று முன்பே நிறைவுபெற்றிருந்தது. கரும்பும் நெல்லுமாக மண்டியா மாறியது. டெல்டாவில் குறுவை ஊன்றியது. சண்டையிட்ட இருவரும் வளர்ந்தார்கள். இந்தியாவின் நதிநீர் வரலாற்றில் இது சின்ன சாதனை இல்லை.

ஆனால் பிறவியிலேயே இரண்டு குறைகள் இருந்தன. சில அம்சங்களை ஐம்பது ஆண்டு கழித்து மறுபரிசீலிக்கலாம் என்றது ஒப்பந்தம். 1974 வந்தபோது ஒப்பந்தமே காலாவதி என்றது கர்நாடகம், அடிப்படை உரிமைகள் நிலைக்கும் என்றது தமிழ்நாடு. இதற்கிடையே ஹேமாவதி, கபினி அணைகள் எழுந்தன. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம், சாதாரண ஆண்டில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது.

இரண்டாவது குறை ஆழமானது. 1924-இல் பேசியவர்கள் வெள்ளத்தை எப்படிப் பிடிப்பது, பாசனத்தை எப்படி விரிப்பது என்பதில் கருத்தாக இருந்தார்கள். இருவர் அணையும் வற்றும் ஆண்டில் இழப்பை எந்த விகிதத்தில் சுமப்பது என்பதற்கு அந்தப் பத்திரத்தில் தெளிவான விடை இல்லை. இன்றைய பங்கீட்டுக்கு அடிப்படையான 740 டிஎம்சி என்பதும் ஐம்பது விழுக்காடு நம்பகத்தன்மை கொண்ட கணக்கு. அதாவது இரண்டு ஆண்டுக்கு ஓராண்டு ஆறு அந்த அளவை எட்டாமல் போகலாம். பற்றாக்குறை ஆண்டில் அவரவர் பங்கையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லியும், 2012, 2016, 2023 என மழை ஏமாற்றிய ஒவ்வொரு முறையும் இரு மாநிலமும் நீதிமன்றப் படியேறின.

காவிரி மேலாண்மை ஆணையம் 2018 முதல் இருக்கிறது. மாதவாரிக் கணக்கும் இருக்கிறது. இனி வேண்டியது, குறைவின் விகிதத்தை ஜூன் மாதத்துக்கு முன்பே இரு மாநில விவசாயிகளுக்கும் ஒளிவின்றிச் சொல்லும் நடைமுறை. தண்ணீர் எவ்வளவு வரும் என்று தெரிந்தால் நெல்லா, உளுந்தா என்று அவர்களே முடிவெடுப்பார்கள். நூறாண்டுக்கு முன் நீதிபதியால் தீராத வழக்கை, மேலணையில் பதித்த அளவுகோலை இருவரும் நம்பியதால்தான் தீர்க்க முடிந்தது. பெருக்கைப் பங்கிட அன்று உதவிய அந்த நம்பிக்கையை, பஞ்சத்தைப் பங்கிடவும் நாம் உருவாக்கியாக வேண்டும்.