வினைமுற்று சொல்லும் வரலாறு

வைப்பாற்றங்கரையில், சிவகாசிப் பகுதியைச் சேர்ந்த வெம்பக்கோட்டை மேட்டில், 2022ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கிற்று. சங்கு வளையல்கள் வந்தன. கண்ணாடி மணிகள் வந்தன. சுடுமண் உருவங்கள் வந்தன. கண்டு மகிழாத தமிழன் இல்லை. ஆனால், மண் தந்தது போதாதென்று, மண் தராத ஒன்றையும் சிலர் மேடையேற்றுகின்றனர். எகிப்தியன் பேசியதும் தமிழாம். பிரமிடு கட்டியவனும் தமிழனாம்! கைதட்டல் கிடைக்கிறது. சான்று கிடைக்கிறதா?

மொழிகளின் உறவை அறியச் சொற்களைப் பார்த்தால் மட்டும் போதாது. சொல் கப்பலேறும், கடன் வாங்கப்படும். நம் வீட்டில் 'அலமாரி' இருப்பதால் போர்ச்சுகீசியன் நமக்குப் பங்காளி ஆகிவிடுவானா? வினைச்சொல்லின் விகுதி அவ்வளவு எளிதாக ஊர் விட்டு ஊர் போகாது. நாம் 'வந்தான், வந்தாள்' என்கிறோம். கன்னடன் 'பந்தனு, பந்தளு' என்கிறான். இது தற்செயல் அன்று, குடும்பச் சாயல். சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த அந்நாளில், அதே மாவட்டத்து இடையன்குடியில் இருந்து உழைத்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம், இத்தகைய சாயல்களை ஒழுங்காக அடுக்கிக் காட்டியதால்தான், வடமொழியின் கிளையே தமிழ் என்ற கதை ஆட்டம் கண்டது. அதே உரைகல்லில் நம் பெருமையையும் உரசிப் பார்க்க அஞ்சலாமா?

எகிப்திய வினையை எடுத்துக்கொள்வோம். மாட்டின் காதை எழுதினால் 'கேள்' என்னும் பகுதி. அறிஞர்கள் அதனைச் 'செஜெம்' என்று ஒலிக்கின்றனர். அதன்பின் கொம்புள்ள விரியன் பாம்பு ஒன்றை எழுதினால் 'எஃப்', அதாவது 'அவன்'. செஜெம்-எஃப்: அவன் கேட்கிறான். இடையே 'என்' என்ற ஒலியைச் செருகினால், செஜெம்-என்-எஃப்: அவன் கேட்டான். எஃப் இருந்த இடத்தில் எஸ் வந்தால் அவள். எக் வந்தால் நீ. (இந்த 'எ' எல்லாம் நம் வசதிக்காக இட்டது. எகிப்தியர் உயிரொலிகளை எழுதவே இல்லை. உயிரொலியால் மட்டும் வேறுபட்ட வினைவடிவங்கள் எவை எவை என்பது பற்றி அறிஞர்களிடையே வழக்கு இன்னும் ஓயவில்லை.)

பகுதி, இடைநிலை, விகுதி! கேள், ட், ஆன் என்று நம் பள்ளியில் பிரித்த அதே அடுக்கு அன்றோ? இங்கேதான் மேடைப் பேச்சாளர் துள்ளி எழுவார். பொறுமை, தோழரே! துருக்கியன் 'வந்தேன்' என்பதைக் 'கெல்-தி-ம்' என்கிறான். அங்கும் இதே அடுக்குதான். இரு வீடுகளுக்கும் வாயில் கிழக்கே இருந்தால் இரு வீட்டாரும் அண்ணன் தம்பியரா? செங்கல்லைப் பார்க்க வேண்டும். எகிப்திய விகுதிகளில் ஒன்றேனும் நம் ஏன், ஆய், ஆன், ஆள் என்பவற்றோடு ஒழுங்காகப் பொருந்துகிறதா? இல்லை. ஆனால் 'உன் வீடு' என்பதற்கு எகிப்தியன் 'பெர்-எக்' என்றான். அரபியன் 'பைத்து-க' என்கிறான். வீடு வேறு, 'உன்' ஒன்று. வினையில் 'நீ' என நின்றதும் அதே 'எக்' அன்றோ? எகிப்தியின் உறவு அரபி, ஈபுரு, வட ஆப்பிரிக்கப் பெர்பெர் மொழிகள் பக்கம். தீர்ப்பு அதுதான்.

அந்த விகுதிகள் மீண்டும் கண்டறியப்பட்ட கதை கேட்கத்தக்கது. சித்திர எழுத்து இறுதியில் கோயிலுக்குள் முடங்கி, பூசாரிகளின் தனிச் சொத்தாயிற்று. ஃபிலே தீவில் கி.பி. 394இல் வெட்டப்பட்டதே நாம் அறிந்த கடைசிச் சித்திரக் கல்வெட்டு. கோயில் அடைபட்டது, படிப்பவன் மறைந்தான். 1400 ஆண்டுகளுக்கு மேல் அக்கல் ஊமையாய் நின்றது! 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் அதன் வாயைத் திறந்தார். அவருக்குப் பெருந்துணையாய் நின்றது, எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக். மக்கள் நாவிலிருந்து மறைந்து கிறித்தவ வழிபாட்டில் மட்டும் எஞ்சியிருந்த அம்மொழியில், 'அவன்' என்பதற்கு அதே 'எஃப்' இருந்தது.

அப்படியானால் எகிப்துக்கும் நமக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, அது பிறப்பால் வந்ததன்று, உழைப்பால் வந்தது. செங்கடற்கரைக் குசெயர் அல் காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் பானை ஓடுகளில் கிடைத்துள்ளன. பெரெனிகேயில் ஒரு கொற்றன் பெயர் கிடைத்தது. சாடியில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. ஆனால் அவை பெயர்கள், பொருள்கள். வினை இல்லை.

அதுவும் இப்போது வந்திருக்கிறது. நைல் ஆற்றங்கரையில், அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழி எழுத்துகளை சார்லோட் ஷ்மித், இங்கோ ஸ்ட்ராவ்ஹ் என்ற இரு அறிஞர்கள் படித்துள்ளனர். சிகை கொற்றன் என்பவன் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரைக் கீறியிருக்கிறான். அச்சுவர்களில் 'வந்து கண்டான்' என்று பொருள்படும் தமிழ்த் தொடரும் உண்டு. காண் என்ற பகுதி; அதே நம் வினை. மன்னனுமல்லன், மடாதிபதியுமல்லன், சுற்றிப் பார்க்க வந்தவன் எழுதிய வினை. அதே சுவர்களில், விரியன் பாம்பின் வடிவில், எகிப்தியரின் 'அவன்' ஊர்ந்துகொண்டிருந்தது. கொற்றனுக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்காது. பூசாரிகள் சிலர் நீங்கலாக, அன்றைய எகிப்தியருக்கும் தெரியாது.