படிவ வடிவமைப்பியில் தளவமைப்புப் பிழைகள்

மேசைக் கணினிச் செயலிகளின் படிவங்களை மவுஸால் இழுத்து வைத்து உருவாக்கும் கருவியில், வரையும்போது கண்ட அமைப்பு ஒன்றாகவும் நிரல் ஓடும்போது தெரிவது வேறாகவும் இருத்தல். 1991இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக் இம்முறையைப் பரப்பியது. பிழையும் கூடவே பரவியது.

மூலகாரணம், இடத்தை எண்ணால் பூட்டிவிடுவது. விஷுவல் பேசிக் 6இன் (1998) அலகு ட்விப், அங்குலத்துக்கு 1,440. அங்குலத்துக்கு 96 புள்ளி கொண்ட அமைப்பில் ஒரு புள்ளிக்கு 15 ட்விப்; 120 புள்ளியில் 12. எழுத்து பெட்டியைவிட அதிக விகிதத்தில் வளர்ந்தால் சொல் அதற்குள் அடங்காது. பின்வந்த மைக்ரோசாஃப்ட் படிவ நூலகமான விண்டோஸ் ஃபார்ம்ஸில் நிலைமை இன்னும் விபரீதம்: 150 விழுக்காடு பெரிதாக்கிய திரையில் படிவத்தைத் திறந்து சேமித்தாலே வடிவமைப்பி அளவுகளை மாற்றி எழுதிவிடக்கூடும். 100 விழுக்காட்டில் மீண்டும் தொடங்கட்டுமா என்று அந்த வடிவமைப்பி அடங்கிய விஷுவல் ஸ்டூடியோவே கேட்பது இதனால்தான்.

தமிழுக்கு வந்தால் தொல்லை இரட்டிப்பு. ஆங்கிலத்தில் வரைந்த லாரி வாடகைப் படிவத்தை நாமக்கல் புக்கிங் ஆபீசுக்காகவோ, மூட்டைக் கணக்கைச் சேலம் ஜவ்வரிசி ஆலைக்காகவோ தமிழாக்கினால், நீண்ட தலைப்புகள் பாதியில் அறுபடும். உயரமும் போதாது: ‘கீ’யின் மேல்சுழியும் ‘மூ’வின் கீழ்வாலும் வெட்டுப்படும். சோதிப்பவர்கள் அகலத்தை மட்டும் பார்ப்பதால் இது தப்பிவிடுகிறது.

உள்ளடக்கத்துக்கேற்ப விரியும் கொள்கலன்களே தீர்வு. விண்டோஸ் ஃபார்ம்ஸில் அட்டவணைக் கொள்கலன் 2005இல் வந்தது. க்யூட் (Qt) நூலகத்தின் படிவ வடிவமைப்பியான க்யூட் டிசைனரிலோ, வெளிச் சாளரத்துக்குத் தளவமைப்பு தர மறந்தால் உள்ளிருப்பவை அசையாமல் நிற்கும். பொருள் பட்டியலில் சிறு சிவப்புக் குறி அதைக் காட்டும்.